ஒரு தறி ஓடட்டும்

ஆரணி,
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என்னோடு பேசாதே என்றுதான் சொன்னீர்கள். எழுதாதே என்று சொல்லவில்லை. தெருக் கூட்டத்தில் நான் கேட்டது உங்களைக் குத்திக் காட்ட அல்ல. காவ்யாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது. பிள்ளைகள் படிக்க மாலை ஆறிலிருந்து எட்டுவரை தெருவில் எல்லா விசைத்தறியையும் நிறுத்துகிறார்கள். ஸ்வர்ணலதா டீச்சர் கணக்குச் சொல்லித்தருகிறார். பிள்ளைகளுக்குச் சுண்டல், வீட்டுக்கு ஒரு நாள் முறை. உங்கள் தறிக் கொட்டகை மட்டும் ஓடுகிறது. மேஸ்திரி அய்யனாரைக் கேட்டேன். "அந்த ரெண்டு மணி நேரத்த காலையிலயே ஓட்டிக்கிறோம்மா. மொதலாளி ஒரு வார்த்த சொல்லட்டும்" என்றார். சொல்லுங்கள் அண்ணா.

மகள் சுபத்ராவும் பேத்தியும் சுகமா? அவர்களை மாப்பிள்ளை வீட்டில் விடப் போனவர் இன்னும் திரும்பவில்லையே. நிலா இங்கே பிறந்து மூன்று மாதம் தெருவே தூக்கி வளர்த்தவள். தொட்டில் வெறிச்சென்று இருக்கிறது.

தங்கை,
சுகன்யா

பெங்களூரு,
13.1.2025

சுகன்யாவுக்கு,

ஊரைக் கூட்டி அண்ணன் தறியை நிறுத்தச் சொன்னவள் நீ. கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் காவ்யா படிப்பு கெட்டால் மாமன் பெயர்தான் கெடும். அய்யனாரிடம் சொல்லிவிட்டேன், நிறுத்துவான்.

நிலா இங்கே வந்ததிலிருந்து மாலையானால் வீறிட்டு அழுகிறாள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். திருஷ்டி கழித்தாயிற்று. சுபத்ரா துவண்டு கிடக்கிறாள், நான்தான் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். அதனால்தான் திரும்பவில்லை. உன்மேல் உள்ள கோபத்தாலும்தான்.

ஜெயவேல்

ஆரணி,
24.1.2025

அன்புள்ள அண்ணா,

திட்டியாவது எழுதினீர்களே, போதும். உங்கள் தறியும் நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டன! தறிச் சத்தத்திலேயே பிறந்ததுகள், அது நின்றால் தூக்கம் போய்விடுகிறது. இதற்குத் தறியே தேவலை என்று காவ்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லோரும் கூடிப் பேசினோம். தெருக்கோடியில் இருப்பது உங்கள் கொட்டகை. அங்கே ஒரு தறி மட்டும் ஓடட்டும். குழந்தைகளை அங்கே தூங்கவைத்து, தாய்மார்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கோடியில் பிள்ளைகள் நிம்மதியாகப் படிப்பார்கள். நிறுத்து என்று சண்டை போட்டவளே ஓட்டு என்று கெஞ்சுகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
சுகன்யா

பெங்களூரு,
31.1.2025

அன்புத் தங்கை சுகன்யாவுக்கு,

உன் கடிதத்தைச் சுபத்ராவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இந்த வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது, ஒரு சத்தம் கிடையாது. உடனே மிக்ஸியை ஓட்டினோம். நிலா அழுகையை நிறுத்தி உற்றுக் கேட்டாள். பிறகு மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். நம் தறி இல்லையென்று கண்டுபிடித்துவிட்டாள், கழுதை.

ஒரு தறி என்ன, இரண்டு ஓட்டச் சொல். தொட்டில் கட்ட மேலே நல்ல விட்டம் இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாலையில் கொட்டகைக்குப் போய் எனக்குப் போன் போடு. எடுக்கிறேன். தறிக்குப் பக்கத்தில் பிடி, நிலா கேட்கட்டும். அவள் தூங்கியதும் வைத்துவிடாதே. வெளியே வந்து நில். எனக்கு உன்னோடு பேச வேண்டும்.

உன் அண்ணன்,
ஜெயவேல்