மூன்று எண்ணினால் எழும் கழுதை

அன்புள்ள அம்மா,

நன்றாகச் சாப்பிடுகிறேன். உன் முட்டிவலி எப்படி?

இங்கே கேளிக்கைப் பூங்காவில் நான் வேஷம் கட்டும் டோலிவர் கழுதை தொண்ணூறு வருஷம் பழைய கார்ட்டூன். விழுந்தால் மூன்று எண்ணுவதற்குள் எழுந்துவிடும். வேலை இழந்து கிடந்த அந்தக் காலத்து ஜனங்களுக்கு அது பிடித்தது, இன்றும் பிடிக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஃப்ளோரிடா வெயிலில் நிஜமாகவே மயங்கி விழுந்தேன். பூங்காவில் பிள்ளைகள் சிரித்தபடி எண்ணினார்கள்.

"எந்திரி, சோம்பேறிக் கழுத! சரி, இன்னொரு தடவ எண்ணலாம்!"

பிள்ளைகள் முன்னால் கழுதைத் தலையைக் கழற்றக் கூடாது. பூங்கா ஆட்கள் என்னை அப்படியே தூக்கிப் போனார்கள். மேலாளர் கர்ட்டிஸ், "உனக்கு இது ஒத்து வராதுப்பா, நாளைலேருந்து வராத" என்றார். என் வேஷத்தை மாட்டிக்கொண்டு வேறொருவன் துள்ளி ஓடினான். வெளியே ஒரே கைதட்டல்.

கவலைப்படாதே. போன கடிதத்தில் நான் கேட்ட போர்வையை அனுப்ப வேண்டாம். அறை வேலையோடு தந்தது, வெள்ளிக்குப் பிறகு இந்த முகவரியில் இருக்க மாட்டேன். எங்கே என்று தெரியவில்லை.

பஸ் வந்துவிட்டது.

டெவின்