ஊசிநூல் கடையும் கழுத்து மணியும்

மார்ச் 3, செவ்வாய்

இந்தக் கோணல்மாணல் எழுத்துக்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? படிக்கப்போவது நான்தானே. சரி, என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். 'ழ' மட்டும் வாலை எங்கே விடுவது என்று தெரியாமல் திண்டாடுகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

எழுபது வயதுக்கு மேல் தாய்மொழியில் எழுதுகிறேன்! பேச்சு எப்போதும் உண்டு. பள்ளிக்கூடம் வேறு மொழி. அப்பா அக்காவுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். என் முறை வருவதற்குள் அவருக்கு வேறு ஊரில் வேலை. அதனால் இன்டர்நெட் முகவரிகளைப் பதிவு செய்யும் நிறுவனத்தைத் தொடங்கி, உலகத்துக்கெல்லாம் பெயர் பதிந்தவனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாமல் போனது. இப்போது அக்காதான் வாத்தியார். அவளுடைய தையல் கடையில், பட்டன் டப்பாக்களுக்கு நடுவே பாடம்.

"ஊருக்கெல்லாம் பேரு விக்கிறியே, நான் படிக்கிற மாதிரி ஒண்ணு இருக்காடா அதுல?"

வரப்போகிறது அக்கா! முழுக்க நம் எழுத்திலேயே முகவரிகள். அனுமதி கிடைத்துவிட்டது. பதினேழாம் தேதி திறப்பு. முதல் முகவரி உன் கடைக்கு: ஊசிநூல்.கடை.

மார்ச் 6, வெள்ளி

நிர்வாகக் குழுக் கூட்டம். இந்த மாதத்தோடு நான் நாற்காலியை விடுகிறேன். என் இடத்துக்கு எங்கள் தலைமைப் பொறியாளரைச் சொன்னேன். அவளைவிட நன்றாக இந்த வேலை தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சரிங்க சார்'. நான் எதைச் சொன்னாலும் அதுதான் பதில்.

குழுத் தலைவர் அதையே பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு உங்களை ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசி நான் பாத்ததில்லை. நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி வந்து மிரட்டினா? சரிங்க சார்னு சாவியைக் குடுத்துடுமா?"

திறப்பு நாள் வரை பார்ப்பார்களாம். திருப்தி இல்லையென்றால் வெளியாள்.

வெளியாளா? சலவைக் கடைக்குப் பின்னால ஒரு அறை. இருந்த ஒரே ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வச்சுட்டு, நான் வேர்த்து ஊத்தி ஆரம்பிச்சது! எவனோ வந்து கால்மேல கால் போடுவானா?

மார்ச் 9, திங்கள்

அவளைக் கூப்பிட்டேன். "இனிமே நீ என்னை எதிர்த்துப் பேசணும். தெரியுதா?" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள்.

மார்ச் 11, புதன்

'ழ' வந்துவிட்டது! ழ ழ ழ ழ ழ.

மார்ச் 16, திங்கள்

நாளை திறப்பு. முதல் பதிவை என் கையால் போட வேண்டும் என்கிறார்கள். குதிக்காத குறைதான்.

எங்கள் பெயர்ப் பட்டியல் ஒரு தாய்க் கணினியில் இருக்கிறது. வெளியே பல கணினிகள் அதை நகலெடுத்து உலகத்துக்குக் காட்டும். பட்டியலின் தலையில் ஓர் எண் உண்டு. எதை மாற்றினாலும் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். எண் கூடினால்தான் மற்றவை புதிய நகல் எடுக்கும்; இல்லாவிட்டால் பழையதையே கட்டிக்கொண்டு அழும். கூட்ட மறந்தவர் அன்று முழுவதும் கழுத்தில் பித்தளை மணியோடு திரிய வேண்டும். சட்டம் நான் போட்டது. எத்தனை கழுத்தில் மாட்டிச் சிரித்திருக்கிறேன்!

மார்ச் 17, செவ்வாய்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

குழுவினர் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பதிவைப் போட்டேன். திரையில் ஊசிநூல்.கடை! நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீழே, கடையின் இணையப் பக்கத்துக்காக எடுத்த படத்தில் அக்கா முறைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணும் வரலடா. அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு சொல்லுது. நான் இங்கதான குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்!"

குழுத் தலைவரின் புருவம் ஏறியது.

"அக்கா போன் பழசு. அதான்" என்றேன். பக்கத்தில் நின்ற பொறியாளரிடம், "நீ எதையும் தொடாதே" என்றேன்.

வழக்கமான பதில் வரவில்லை. திரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"போன் நல்லாத்தான் இருக்கு சார். ஆபீஸ் கம்ப்யூட்டர் நேரா தாய்க் கணினியைப் பாக்குது, அதனால இங்க தெரியுது. வெளியில பழைய நகல். நீங்க எண்ணைக் கூட்டலை."

"நானா?"

"நீங்கதான். கொஞ்சம் தள்ளுங்க."

நான் எழுவதற்குள் என்னை நாற்காலியோடு உருட்டிச் சுவரோரம் விட்டுவிட்டாள்! ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். பிறகு இழுப்பறையைத் திறந்து மணியை எடுத்தாள். சட்டம் போட்டவனாயிற்றே, தப்பிக்கலாம் என்று பார்த்தேன். "குனிங்க சார்" என்றாள். குனிந்தேன்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சிரிப்பு.

சற்று நேரத்தில் அக்கா போன். "வந்துடுச்சுடா! ஊசிநூல்... நான் படிச்சுட்டேன்!"

மாலையில் மணியோடே பாடத்துக்குப் போனேன். "எந்த வீட்டுக் கன்னுக்குட்டி இது, அவுத்துக்கிட்டு வந்திருக்கு?" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

என் இடத்துக்கு அவள்தான் என்று குழு முடிவு செய்துவிட்டது. என் அறைக்குப் போனேன். மாதம் இன்னும் முடியவில்லை, அதற்குள் நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறாள். மணி இப்போது இழுப்பறையில் இல்லை, நான் குடை மாட்டும் ஆணியில் தொங்குகிறது.

"சர்வர் ரூமுக்கு வரணும்னா இனிமே முன்னாடியே சொல்லிட்டு வாங்க சார்" என்றாள்.

"சரிங்க மேடம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அக்காவின் அடுத்த உத்தரவு: கடையின் இணையப் பக்கத்தில் போட, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், பிழை இல்லாமல். ஒரே வாக்கியத்துக்குள் என்னென்ன சிக்கல்! கை ஓய்ந்துவிட்டது. அடுத்த வாரம் இங்கே எழுதிப் பழகிவிட்டுத்தான் அக்காவிடம் காட்டுவேன்.