வாப்பாவின் பெயருக்கு வந்த பசுமைக் கடன்

அன்பு மகன் ஷிஹானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் உம்மா சுகம், அங்கே உனக்கும் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். வாப்பா மவுத்தானதற்கு நான் வீட்டோடு இருக்கிற இத்தா முடிய இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது, கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு நான் இறங்கவில்லை, எல்லாம் போனில்தான் நடக்கிறது. வாப்பாவின் த்ரீவீலை உன் தங்கச்சி அம்னாவின் மாப்பிள்ளை இப்ஹாம் ஓட்டுவது உனக்குத் தெரியும். ஹயர் காசை வண்டியில் ஏறுகிற ஆட்கள் ஸ்கேன் பண்ணிப் போட வாப்பா ஒட்டிய ஸ்டிக்கரை நாங்கள் கழற்றவில்லை, எனக்கு மனம் வரவில்லை, அதனால் காசெல்லாம் அவருடைய கணக்குக்கே போய் விழுந்தது, செலவுக்கும் அவர் போனில் இருந்துதான் எடுத்தோம். அது பிழை என்று இப்போதுதான் விளங்குகிறது. போன வியாழன் அந்தப் போனுக்கு பேங்க் ஆப்பில் வாப்பாவின் பெயருக்கே செய்தி வந்தது, ஸஹாப்தீன் ஒழுங்காக உழைக்கிறவர், பெற்றோல் வண்டியை விட்டுவிட்டு கரண்ட்டில் ஓடுகிற த்ரீவீல் எடுக்கப் பசுமைக் கடன் தரலாம், புகை இல்லாத வண்டி என்பதால் வட்டியும் குறைவு என்று. மாமி, ஒரு தட்டு தட்டினா வேல முடிஞ்சி என்றான் இப்ஹாம். உழைப்பில் பாதி பெற்றோலுக்கே போகிறது, அவனையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் அந்த ஆப் முகத்தைக் காட்டி கண்ணைச் சிமிட்டச் சொன்னது. மாமாட ஐடி படத்தப் புடிச்சிப் பாப்பமா என்று கேட்டான். கண்ண யாரு சிமிட்டுற, நீங்களா என்று அம்னா ஏசினாள். நான் போனை வாங்கி வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பேங்குக்கு கோல் எடுத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அவர் மவுத்தாகி மூன்று மாதம் என்று சொன்னேன். நதீஷா என்று ஒரு பிள்ளை, இல்லையே அம்மா, அவர் நேற்றும் ஹயர் ஓடியிருக்கிறார், கம்ப்யூட்டரில் காட்டுகிறது என்றாள். ஓடினது மருமகன் என்றேன். பிறகு மரணச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினோம், கணக்கை நிறுத்திவிட்டார்கள், கடனும் இல்லை. இப்ஹாம் தன் பெயரில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான், ஆறு மாதம் அவன் கணக்கில் காசு விழுந்தால்தான் அவனுக்குக் கடன் பார்ப்பார்களாம். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, சாப்பாடு மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

கணக்கில் மிச்சம் உள்ளதை எடுக்க உன் கையெழுத்தும் வேண்டுமாம், அங்குள்ள எம்பசியில் போட்டு அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்வான். இந்த மாத முடிவில் வாப்பாவின் நம்பரையும் வெட்டுகிறோம். வெள்ளிக்கிழமைகளில் நீ அதற்கு வொய்ஸ் போடுவது எனக்குத் தெரியும் மகன், ஒன்றையும் நான் திறந்து கேட்கவில்லை. இனி எனக்குப் போடு.

உன் உம்மா,
ஹபீலா