பொறுப்பாசிரியர் கிருபாமலர்

வைலே, டென்மார்க்
6.4.2025

அன்புள்ள இன்பம் அண்ணைக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே சுகம். நெல்லியடியில் நீங்களும் மச்சாளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் சீனி வருத்தம் இப்போது எப்படி? மச்சாள் சொல்வதைக் கேட்டு மருந்தை நேரத்துக்குப் போடுங்கள்.

போன கிழமை நீங்கள் போனில் ஏசியதற்குப் பதிலை எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஏசினால் நான் அழுதுவிடுவேன். அழுதால் நீங்கள் வென்றதாகிவிடும். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை, பொறுமையாக வாசியுங்கள்.

டோஸ்ட்ருப்பில் இருக்கும் நம் பெரியம்மாவின் பேரன் டிலுக்சன், ஏதோ ஆப்கான் இணையத்தளத்தில் என் பெயர் கிடக்கிறது என்று படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினானாம். நீங்கள் உடனே, "தெருவால போற சனியனை ஏன் பிள்ளை வேலிக்குள்ள கூப்பிடுறாய், நாளைக்கே பேரை எடு" என்கிறீர்கள். அந்தச் சனியன் யாரென்று ஒருக்கால் கேட்டீர்களா?

அவள் பெயர் ஸர்மினா. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் நிற்கிறாள். ஹெராத் நகரத்துப் பெண். பத்தொன்பது வயதில் வலைப்பூ எழுதத் தொடங்கியவள். முதலில் எழுதியது, அரசாங்கக் கணக்கில் போட்டு முடித்ததாக இருந்தும் தெருவில் இல்லாத ஒரு தண்ணீர்க் குழாயைப் பற்றி. அடுத்த மாதமே குழாய் வந்துவிட்டதாம். அன்றைக்குப் பிடித்த விசர் இன்னும் விடவில்லை என்று சிரிப்பாள். பிறகு வானொலியில் வேலை. பிறகு, பிடிபட்ட செய்தியாளர்களின் வீடுகளைத் தேடிப்போய் விபரம் எடுத்து, வழக்கறிஞர் பிடித்து, வெளிநாட்டு அமைப்புகளுக்கு எழுதி என்று அலைந்திருக்கிறாள். இரண்டு தரம் மிரட்டல் வந்தும் விடவில்லை. 2021இல் ஆட்சி மாறியபோதுதான் பாகிஸ்தான் போய், அங்கிருந்து இங்கே வந்தாள்.

இங்கே வந்தும் சும்மா இருந்தாளா? மத்தியான இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிட, இவள் பாணை ஒரு கையிலும் போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஆப்கானிஸ்தானுக்கு அழைப்பு எடுப்பாள். எந்தச் செய்தியாளரை எங்கே, எப்போது கொண்டுபோனார்கள், வீட்டுக்குத் தகவல் உண்டா என்று கேட்டு, டிலுக்சன் படம் பிடித்த அந்தத் தளத்தில் எழுதுவாள். அதை நடத்துவது அவள்தான். ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லும்வரைக்கும் ஒரு வரிகூடப் போடமாட்டாள். பெயரும் வயதும் முழுதாகப் போடுவாள். நான் முதல் ஒரு வருஷம் இவளுக்கு வீட்டு ஞாபகம், சொந்தக்காரரோடு கதைக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெப்ரவரியில் ஹெராத்தில் இருக்கும் அவளுடைய தகப்பனை அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். மகளின் பெயர் அந்தத் தளத்தில் இருக்கும்வரை கிழமைக்கு ஒருக்கால் வந்து கையெழுத்துப் போடு என்றார்களாம். மனுசனுக்கு எழுபத்தொரு வயது. இந்த நாட்டில் ஊடகமாகப் பதிந்த தளத்துக்குப் பொறுப்பாசிரியர் என்று ஒரு ஆளின் பெயர் வேண்டும். அவள் பெயரை எடுத்தால் வேறு பெயர் போடவேண்டும். இங்கே இருக்கும் ஆப்கான்காரர் எல்லோருக்கும் அங்கே ஒரு தாயாவது சகோதரமாவது இருக்கிறார்கள், யார் முன்வருவார்கள்? மூடப்போகிறேன் அக்கா என்று படுக்கை விரிப்பை மடித்தபடி சொன்னாள். அவள் அழவில்லை.

ஆப்கானிஸ்தானில் ஒருத்தரும் இல்லாத ஆளென்றால் சரியா என்று கேட்டேன். ஓம் என்றாள். அப்படியென்றால் என் பெயரைப் போடு, எனக்கு அங்கே ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை என்றேன்.

வீட்டில் ஜெனுஷா டெனிஷில் பொரிந்து தள்ளினாள். அம்மா, அந்த மொழியில் உங்களுக்கு ஒரு எழுத்துத் தெரியாது, பிழை வந்தால் பொறுப்பு உங்களுக்கு என்றாள். பிறகு விண்ணப்பத்தை அவளேதான் நிரப்பித் தந்தாள். இவர் வழக்கம்போல "உன்ர இஷ்டம்" என்றார். அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் பொம்மையாக இருக்கவில்லை, அண்ணை. எனக்கு டெனிஷில் விளங்கப்படுத்தி, நான் ஓம் என்று சொல்லாமல் ஒன்றும் வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவளுடைய டெனிஷையும் என்னுடைய டெனிஷையும் கூட்டினால்தான் ஒரு ஆளின் டெனிஷ் வரும். ஆனாலும் விளங்குகிறது. போன மாதம் ஒரு செய்தியில், பிடித்துக்கொண்டு போனதைக் கண்ட சாட்சி இன்ன தெருவில் பெண் பிள்ளைகளுக்கு ஒளித்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை என்று இருந்தது. பெயர் இல்லை. அந்தத் தெருவில் அப்படி எத்தனை பேர் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஒராள்தான் என்றாள். அப்படியென்றால் தெருவை எடு, ஆசிரியையையும் எடு என்றேன். இத்தனை வருஷம் எழுதியவள், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. இதெல்லாம் நான் எங்கே படித்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

சபையில் மேர்சி அக்காவும் புத்தி சொன்னா. அரசியல் எங்களுக்கு ஏன், செபம் பண்ணுங்கோ, போதும் என்றா. செபமும் பண்ணுறன், பேரும் போடுறன், இரண்டுக்கும் நேரமிருக்கு என்றேன். முகம் கறுத்துப்போனா. போகட்டும்.

இனி நீங்கள் சொன்ன கடைசிக் கதைக்கு வருகிறேன். "பேர் வெளியில வந்ததாலதான் எங்கட வீடு அழிஞ்சது, மறந்திட்டியோ" என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. நீங்கள்தான் பாதியை மறந்துவிட்டீர்கள். தம்பி எட்வினுக்கு முதல் மிரட்டல் வந்தவுடன் பத்திரிகை வேலையை விடச் சொன்னோம். ஐயாவும் நீங்களும் சொன்னீர்கள், நானும் சொன்னேன். அவனும் விட்டான். தன் பெயரில் ஒரு வரி எழுதவில்லை. அதற்குப் பிறகு நாற்பதாம் நாள்தானே அவனைச் சைக்கிளோடு கொண்டுபோனார்கள்? பெயரை எடுத்தோம், ஆளையும் எடுத்தார்கள்.

பத்திரிகை ஆசிரியர் அவனுடைய படம் கேட்டு வீட்டுக்கு வந்தார். நீங்கள் வாசல் படலையில் நின்று, "போடாதேங்கோ சேர், அவனை விட்டிடுவாங்கள்" என்று கும்பிட்டீர்கள். அலுமாரியைத் திறந்து படத்தைக் கையில் எடுத்த நான், திரும்பவும் உள்ளே வைத்துப் பூட்டினேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, அண்ணை. அந்தப் பழியில் சரிபாதி எனக்கு. ஆனால் பதினெட்டு வருஷம் வாயை மூடியிருந்து பார்த்துவிட்டோம். அவனை ஒருவரும் விடவில்லை. இனியும் பயந்துகொண்டிருக்க என்னால் ஏலாது. அந்தத் தளத்திலிருந்து என் பெயரை எடுக்கமாட்டேன். நீங்கள் கதைக்காமல் விட்டாலும் எடுக்கமாட்டேன்.

வருகிற மே மூன்றாம் தேதி, பத்திரிகைச் சுதந்திர நாளன்று, இங்கத்தைய நூலகத்தில் ஸர்மினா ஒரு கூட்டம் வைக்கிறாள். காணாமற்போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். உங்கள் நாட்டுப் பெயர் ஏதும் இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். எட்வின் ஞானசீலன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டெனிஷ்காரர் அவன் பெயரைக் கடித்துக் குதறக்கூடாது, நானே எழும்பி நின்று வாசிப்பேன்.

அதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. ஒரேயொரு விஷயத்துக்குத்தான் உங்கள் சொல் வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் வயதையும் வாசிக்கவேண்டும். இருபத்து நான்கு என்று வாசிக்கவா, நாற்பத்திரண்டு என்று வாசிக்கவா? அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் மூத்தவர், நீங்கள் சொல்லுங்கள், அண்ணை.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. கூடப்பிறந்த எங்கள் மூவரையும் காப்பாராக.

உங்கள் தங்கை,
கிருபாமலர்