தேன்பெட்டிக்கு அத்தர் ஆகாது

மச்சான்,

இன்று காலை காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஒரு தள்ளுவண்டி நிறைய கனிந்துபோன வாழைப்பழம். வாசம் மூக்கில் ஏறியதும் என் கை தானாகப் பிடரியைப் பொத்திக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் "கழுத்து வலியா?" என்றார். ஆமாம் என்றேன். உன் தேனீக்களின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் பஸ்ஸை விட்டுவிடுவார்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கடை வைப்பார்கள், கார் வாங்கி வாடகைக்கு விடுவார்கள். நீ மொட்டை மாடியில் தேன்பெட்டி வைத்தாய். தெருவே ஏறி வந்து பார்த்துவிட்டு, கீழே இறங்கியதும் உன் மூளையைப் பற்றிப் பேசியது. நானும் பேசினேன். கொஞ்சம் நன்றாகவே பேசினேன்.

நீ மூடியைத் திறந்து காட்டுவாய். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன்.

"வேலைக்கார ஈ பொறந்ததும் தான் கிடந்த அறையைத் துடைக்கும். அப்புறம் புழுவுக்குத் தீனி ஊட்டும், மெழுகுல அடை கட்டும், வாசல்ல காவல் நிக்கும். வயசான பிறகுதான் தேனெடுக்க வெளிய போகும். நாம தலைகீழா செஞ்சிட்டோம் மச்சான். மீசை முளைச்சதும் வெளிய போயிட்டு, நரைச்ச பிறகு வீட்டு வேலைக்கு வந்திருக்கோம்."

"நீ வந்திருக்கே. நான் ஊரை விட்டே போகலையே."

"அப்ப நீ ஆண் ஈ. வேலை செய்யாம தின்னுறதை மழைக்காலத்துல மத்ததுங்க வெளிய தள்ளிடும்."

ஐப்பசி அடைமழையில் நீ போய்ச் சேர்ந்தாய். பூ இல்லாத மாதம். தீனி கிடைக்காவிட்டால் கூட்டம் மொத்தமும் பெட்டியைக் காலி செய்துகொண்டு பறந்துவிடும் என்று நீதான் சொல்லியிருந்தாய். உன் மனைவி இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வரக்கூடாத நாலு மாதம் பத்து நாள். நாலு வீட்டு ஜன்னல் பார்க்கும் மாடிக்கும் ஏற முடியாது. என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து, அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிடும் குரல் மட்டும் வந்தது.

"நானா, அவங்க போனது போதும். இதுங்களும் போயிடக் கூடாது. சீனித்தண்ணி கரைச்சு வச்சிருக்கேன்."

ஜும்மா தொழுதுவிட்டு நேராக வந்திருந்தேன். உன் வீட்டுக்குப் போகிறோமே என்று, நீ கொண்டுவந்து கொடுத்த அத்தரைத் தாராளமாகவே பூசியிருந்தேன். சீனித்தண்ணிக் கொட்டாங்கச்சியோடு மூடியைத் தூக்கினேன். உள்ளே இரைச்சல் மாறியது. முதல் கொட்டு பிடரியில். அந்த இடத்திலிருந்து வாழைப்பழ வாசம். மற்ற ஈக்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கிற வாசம் அது, வந்தால் ஓடிவிடு என்று நீ சொன்னது நினைவுக்கு வருவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. தொப்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினேன்.

"நானா, அத்தர் பூசியிருக்கீங்களா?"

"கொஞ்சம்."

"கதவு தாண்டி மணக்குது. அதுங்களுக்கு அது ஆகாது. அவங்களும் பெருநாள் அன்னிக்கி இப்படித்தான் பூசிக்கிட்டுப் போயி, ஒத்தக் கண்ணோட எறங்கி வந்தாங்க."

கொசு கடித்தது என்றல்லவா என்னிடம் சொன்னாய்.

பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம். அழுகிறாரோ என்று தொட்டியோரம் அசையாமல் நின்றேன். சிரிப்பு. நீ போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

அடுத்த முறையிலிருந்து வெறும் பச்சைத்தண்ணியில் குளித்துவிட்டுப் போனேன். ஒருநாள் வாசலில் ஓர் ஈ, செத்த ஈயைக் காலைப் பிடித்து இழுத்துவந்து வெளியே தள்ளியது. நின்று பார்க்கவில்லை. உடனே உள்ளே போய்விட்டது.

மழை முழுக்கக் கூட்டம் பெட்டியை விட்டுப் போகவில்லை. இப்போது முருங்கை பூத்திருக்கிறது. இத்தா முடிந்து உன் மனைவியே பெட்டியைத் திறக்கிறார். நான் என் பழைய இடத்துக்கு, தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

உன் அத்தர் பாதி பாட்டில் மிச்சமிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். பூசினால் உன் மாடிக்குப் போக முடியாது.