கண்ணாடியில் உறைந்த தீர்த்தம்

அஜின்கோர்ட்,
ஜனவரி 25, ஞாயிறு.

அன்பு மகள் ஜூலிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் வலது முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சுகம். எட்மன்ரனில் குளிர் சைபருக்குக் கீழே மறை முப்பதுக்கு இறங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. தொப்பி தலைமயிரைக் கெடுக்கும் என்று பதினைந்து வயதில் சொன்னாய். ஐம்பதிலும் அதையே சொல்லாதே.

தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். தொலைபேசியில் நீ என்னை ஒரு வசனம் முடிக்க விடுவதில்லை. அதோடு நான் சொல்லவேண்டியது ஒரு திருத்தம். திருத்தத்தை எழுத்தில் செய்வதுதான் முறை.

பதின்மூன்றாம் திகதி செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீ தொலைபேசி எடுத்து, "அம்மா, கார் ஒழுங்கா ஓடுதோ?" என்று கேட்டாய். ஓம், ஒரு குறையுமில்லை என்றேன். அது உண்மையல்ல. அன்று காலை கெனடி வீதியில் அரை நிமிடம், முன்னால் ஒன்றுமே தெரியாமல் நான் கார் ஓட்டினேன்.

அடுத்த மாதம் இருபத்தோராம் திகதி நீ எதற்கு வருகிறாய் என்று எனக்குத் தெரியும். மார்ச்சில் எனக்கு எண்பது. "எண்பதோட சாவியைத் தந்திடுங்கோ அம்மா. அம்புலன்ஸில வாறதுகளைப் பாக்கிறவள் நான்" என்று நத்தார்ப் பண்டிகைக்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்று நீ முடிவெடுப்பதற்கு முன் முழு விபரமும் உன் கையில் இருக்கவேண்டும். பாதி விபரத்தைக் கொடுத்துத் தீர்ப்பை என் பக்கம் வாங்க எனக்கு விருப்பமில்லை. வாசித்து முடிக்கும்வரை தொலைபேசியைத் தொடாதே.

போன உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை கோயிலில் மந்திரித்த தீர்த்தத்தை ஒரு நாலு லீற்றர் பால் கானில் நிறைத்து வந்திருந்தேன். அது என் பேராசை. ஒரு சின்னப் போத்தல் போதும். வருடம் பிறந்த கையோடு அலுமாரியைத் துப்புரவாக்கியபோது பார்த்தேன், முக்கால்வாசி அப்படியே இருந்தது, அடியில் பச்சையாக ஏதோ படிந்தும் இருந்தது. தீர்த்தத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது. அது சாக்கடைக்குப் போகும். ஆட்களின் கால் படாத மண்ணில்தான் ஊற்றவேண்டும் என்று கான்வென்றில் மதர் இவாஞ்சலின் எங்களுக்குச் சொல்லித் தந்தார். இங்கே ஜனவரியில் மண்ணுக்கு எங்கே போவது? வளவு முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பனி, அதன் மேலே பக்கத்து வீட்டு நாயின் நடமாட்டம்.

அந்த நேரம் பார்த்துக் காரில் கண்ணாடி கழுவும் தண்ணீர் குறைந்துவிட்டதென்று மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அது ஒரு விடையாகத் தோன்றியது. மேலே இருந்த தெளிவான தண்ணீரைச் சுத்தமான துணியால் வடித்து, காரின் முன்மூடியைத் திறந்து, முழுவதையும் கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊற்றினேன். கண்ணாடியும் துப்புரவாகும், பயணமும் ஆசீர்வதிக்கப்படும் என்று ஒரு திருப்தி. அன்று வெளியே மறை ஒன்றோ இரண்டோதான். அடியில் மிச்சமிருந்த, கடையில் விற்கும் உறையாத நீலத் தண்ணீரோடு சேர்ந்து ஒரு கிழமை ஒழுங்காகவே வேலை செய்தது.

செவ்வாய்க்கிழமை மறை பதினேழு. குணவதியைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். குணவதியை உனக்கு நினைவிருக்கும். எங்கள் வரிசையில் மூன்றாம் வீடு. மகன் கிருபன் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போனபிறகு தனியாக இருக்கிறாள். வாயில் எந்நேரமும் முருகன், மடியில் எந்நேரமும் ஒரு பை கச்சான் கடலை. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை.

கெனடி வீதியில் உப்புப் போடும் லொறி ஒன்று எங்களைக் கடந்தது. அது வாரியிறைத்த சேற்றுப் பனி முன்கண்ணாடி முழுக்க அப்பியது. நான் வழமைபோலக் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பிடியை இழுத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை இழுக்க இரண்டு மெல்லிய கீற்று வந்தது, கண்ணாடியில் பட்ட இடத்திலேயே உறைந்தது. துடைப்பான் அதைத் தேய்க்கத் தேய்க்க முழுக் கண்ணாடியும் பால் வெள்ளை.

ஜூலி, அந்த அரை நிமிடத்தில் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பிறேக்கை உதைக்கவில்லை. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தேன். நாலு விளக்கும் மின்னும் பொத்தானை அமத்தினேன். பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, பனிவரம்பைப் பார்த்துக்கொண்டு ஊர்ந்து போய், ஒரு கடைத்தொகுதியின் வாசலுக்குள் திருப்பி நிறுத்தினேன்.

குணவதி முருகனைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, கச்சான் பையைக் கட்டிக்கொண்டே, "அக்கா, உங்களுக்கு இண்டைக்குத்தான் இப்பிடி. எனக்கு ஆறு மாசமா உலகம் இப்பிடித்தான் தெரியுது" என்றாள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

மிட்லண்ட் வீதியில் கராஜ் வைத்திருக்கும் பஸ்ரியனைக் கூப்பிட்டேன். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, எங்கள் கோயில். பத்து நிமிடத்தில் வந்து, உறைபனி கரைக்கும் மருந்தை அடித்துக் கண்ணாடியைச் சுரண்டி, தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அன்ரி, உதுக்குள்ள என்னத்தை ஊத்தினனீங்கள்?" என்று கேட்டான். பொய் சொல்ல இடமிருக்கவில்லை. தீர்த்தம் என்றேன். அவன் காரில் கையை ஊன்றிக் குனிந்துவிட்டான். தலைசுற்றோ என்று பயந்து போய்ப் பார்த்தால், சிரிப்பு. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. "தீர்த்தம் எண்டாலும் சைபருக்குக் கீழ போனா உறையும் அன்ரி. அதுக்கும் குளத்துத் தண்ணிக்கும் ஒரே சட்டம்தான்" என்றான்.

பஸ்ரியனே எங்களைக் கண் டொக்டரிடம் இறக்கிவிட்டு, காரைக் கராஜுக்குக் கொண்டுபோய்ச் சூட்டில் வைத்து உருக்கினான். ஆனால் தொட்டியை வடிக்கும் நேரம் வந்ததும் அவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. அவனும் வேதக்காரப் பிள்ளையல்லவா? கராஜின் வடிகானுக்குள் ஊற்ற அவனுக்கும் மனமில்லை. நீல மருந்து கலந்திருப்பதால் மண்ணிலும் ஊற்றமுடியாது. ஒரு புது வாளி எடுத்து அதற்குள் பிடித்து, மூடி வைத்துவிட்டு எங்கள் பங்குச் சுவாமிக்குத் தொலைபேசி எடுத்தான். மருந்தோடு கலந்தது இனித் தீர்த்தமில்லை, கழிவு மருந்துகளோடு கொடுத்துவிடலாம் என்று சுவாமி சொன்னாராம். சொல்வதற்கு முன் அவரும் நெடுநேரம் சிரித்தாராம். போன ஞாயிறு பூசையில் நற்கருணை கொடுக்கும்போது என்னைப் பார்த்து அவர் வாயை இறுக்கிக்கொண்டதை நான் கவனித்தேன்.

இதை உனக்கு மறைத்ததற்குக் காரணம் பயமல்ல, வெட்கம். அப்பா போனபிறகு பதினொரு வருடமாக ஒரு கீறலுமில்லாமல் ஓட்டியவள், ஒரு கான் தண்ணீரில் தோற்றுப் போனேன்.

நேற்று இங்கே நிறுத்திவிட்டேன், கை நோவு. இன்று திங்கள். இரவு முழுக்கப் பனி கொட்டி, இப்போது வெயில். காரின் கூரையில் இருந்த பனியையும் வழித்துவிட்டுத்தான் வந்து குந்தியிருக்கிறேன். முன்பெல்லாம் கண்ணாடியை மட்டும் துடைப்பேன். கூரையில் விட்டால் பிறேக் பிடிக்கும்போது அது சரிந்து முன்கண்ணாடியை மூடும், அல்லது பின்னால் வருபவனின் கண்ணாடியில் போய் விழும் என்று பஸ்ரியன் சொன்னான்.

அவன் சொன்னது அது மட்டுமல்ல. நீ தந்த சிவப்புக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். காரை ஓடாவிட்டாலும் தினமும் பத்து நிமிடம் வாசலில் நிறுத்தி இயக்கினால் பற்றரி பிழைக்கும் என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். அது பற்றரியைக் கொல்லும் வழியாம். கிழமைக்கு இரண்டு தரம் அரை மணித்தியாலம் ஓடவேண்டுமாம். குளிர் கூடக் கூட ரயரில் காற்றுக் குறையும், ஆகவே மாதம் ஒரு தரம் அளக்கவேண்டும். பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழே போகக்கூடாது. நீலத் தண்ணீரில் மறை நாற்பது என்று போட்ட கானைத்தான் வாங்கவேண்டும். பனியில் சிக்கினால் உதவப் பின்பெட்டியில் மண்வாரி, போர்வை, ஒரு பை மணல், ஒரு தகரப் பேணிக்குள் மெழுகுதிரி. மெழுகுதிரிக்கு என் வீட்டில் குறைவில்லை. இம்முறை மந்திரிக்காததாகப் பார்த்து எடுத்து வைத்தேன்.

ரயரைப் பற்றி நீ கேட்கமுன் சொல்கிறேன். பனிக்கால ரயர் கார்த்திகையிலேயே போட்டாயிற்று. அப்பா இருந்தபோது முதல் பனி விழுந்தபிறகுதான் மாற்றுவார். நான் ஏழு பாகைக்கு இறங்கியதும் மாற்றிவிடுவேன்.

இனி நான் எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் கடினமான பகுதி.

பஸ்ரியனின் மனைவி கஜனி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை பின்னேரம், சுவாமியிடம் அனுமதி வாங்கி, கோயில் கார் நிறுத்துமிடத்தில் பனியில் பிறேக் பிடிக்க என்னைப் பழக்கினாள். நான் இடையில் ஏதோ விளக்கம் சொல்லப் போக, "அன்ரி, இண்டைக்கு ரீச்சர் நான். நீங்கள் வாயை மூடிக்கொண்டு காலை மட்டும் அசையுங்கோ" என்றாள். எனக்கு அப்படிச் சொன்ன கடைசி ஆள் மதர் இவாஞ்சலின். பிறேக் காலுக்கடியில் நடுங்கும், பயந்து காலை எடுக்காமல் அமத்திப் பிடிக்கவேண்டும் என்று காட்டினாள். எட்டுத் தரம் செய்தேன். ஆறாம் தரத்திலிருந்து நேராக நின்றது. கார் வழுக்கினால் போகவேண்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சுக்கானைத் திருப்பவேண்டும், வழுக்கும் பக்கத்தைப் பார்க்கக்கூடாது. அதுவும் வந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் புறப்பட, கஜனி விடவில்லை. விளக்குகள் எரியும்வரை காத்திருக்கச் சொன்னாள். ஐந்தரைக்கு வீதி விளக்கும் கார் விளக்கும் எரிந்ததும், "உது எப்பிடித் தெரியுது?" என்று மெல்லக் கேட்டாள்.

ஜூலி, அது எனக்குச் சிதறித் தெரிகிறது. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் முடி நீட்டினாற்போல. இரண்டு பனிக்காலமாக அப்படித்தான். கண்ணாடியில் அழுக்கென்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கஜனியிடம்தான் முதன்முதல் வாய்விட்டுச் சொன்னேன். அவள் இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். அன்று வீடுவரை அவளே ஓட்டினாள்.

அன்றே நான் முடிவெடுத்தது இது. இருட்டில் ஓட்டமாட்டேன். 401 பெருஞ்சாலையில் ஏறமாட்டேன். உறைமழை என்று வானொலியில் சொன்னால் பூசைக்கும் போகமாட்டேன், ஆண்டவருக்கு என் விலாசம் தெரியும். பெப்ரவரி பத்தாம் திகதி கண் டொக்டர் என்னையும் பார்க்கிறார். எண்பது வயதுக்காரரின் லைசென்ஸுக்கு அரசாங்கம் கண் பார்க்கும், வகுப்பு வைக்கும், புத்தித் தெளிவைப் பார்க்க ஒரு மணிக்கூடு வரையச் சொல்லும். அதிலெல்லாம் தவறினால் சாவியை நீ கேட்கவேண்டியதில்லை. தவறாவிட்டால், பகலில், அஜின்கோர்ட்டுக்குள், கோயிலுக்கும் கடைக்கும் குணவதியின் டொக்டரிடத்துக்கும் ஓட எனக்கு ஆசை. கேட்பது அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நிற்க என் முழங்கால் விடாது. வீட்டுக்குள் இருக்க நான் விடமாட்டேன்.

குணவதிக்கு வியாழக்கிழமை ஒரு கண் சத்திரசிகிச்சை முடிந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பத்து நிமிடம் முந்தியே போனோம். மறுநாள் கட்டவிழ்த்ததும் என்னை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கட முகத்தில இவ்வளவு சுருக்கம் எப்ப வந்தது?" என்றாள். மற்றக் கண்ணுக்கு டாக்சியில் போ என்று சொல்லியிருக்கிறேன். போகமாட்டாள், நானும் விடமாட்டேன்.

உன் விமானம் இரவு ஒன்பதுக்கு வந்து இறங்குவதாக எழுதியிருந்தாய். மேலே எழுதியதை நான் மீறமுடியாது. ஆகவே அதிலேதான் வருவதென்றால் நீ டாக்சி பிடித்து வா. ஆனால் பகலில் வந்து சேரும் விமானம் ஏதும் இருந்தால் பார்த்து மாற்றிக்கொள், பிள்ளை. விமான நிலையத்துக்குச் சாதாரண வீதிகளால் வந்தால் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். அன்று ஒரு நாள் மட்டும் அஜின்கோர்ட்டைத் தாண்டி, நான் காலையிலேயே புறப்பட்டு வந்து நிற்பேன்.

அப்பா ஓட்டிய இருபத்துமூன்று வருடமும் நான் பக்கத்து இருக்கையில் இருந்து பிழை பிடித்தேன். வீடுவரை நீ அதில் இருந்து வா. ஒரு பிழையும் விடாமல் சொல். அதன்பிறகும் சாவியைத் தரச் சொன்னால், வாசலில் வைத்து உன் கையில் தருவேன். அதுவரை உன்னை வீதியிலும் வேலையிலும் அந்த மாதா தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும்.

பக்கத்து இருக்கையைத் துடைத்து, அதன் சூட்டுப் பொத்தான் வேலை செய்கிறதா என்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
கிறிஸ்ரினா அமிர்தநாதர்.