பெரியம்மைக்கு நான்கு பக்கம்

திருவண்ணாமலை
12.5.1979

அன்பு ரஹமத்துக்கு சலாம். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பி.ஏ. சரித்திரப் பரீட்சையில் இந்த நாற்பத்தாறு வயது வாத்தியார் அழுதுவிட்டேன்.

பெரியம்மை எப்படி ஒழிந்தது என்று கேள்வி. அறைத்தோழர் சகாதேவன் முன்பே எச்சரித்திருந்தார்: "சார், கதை வுடாதீங்க. காரணம் எழுதுங்க, ஆதாரம் குடுங்க."

ஊசியோடு ஜனங்களின் பயம் போனதும் காரணம் என்று எழுதினேன். ஆதாரத்துக்கு நீதான் வந்தாய். அம்மை குத்த வந்தவர்களைப் பார்த்துத் தெருவே கதவடைத்தபோது, "எறும்புக் கடிதானே, குத்துங்க" என்று முதலில் கை நீட்டினவள் நீ. நான்கு பக்கம் எழுதிக் கண் கலங்கினேன். "மறந்துட்டீங்களா சார்?" என்று மேற்பார்வையாளர் தண்ணீர் கொடுத்தார்.

பாஸானால் பதவி உயர்வில் நம் ஊர்ப் பள்ளிக்கே வந்துவிடலாம். ஊறுகாயும் உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு. தலையணைக்கு உறை இல்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் சர்தார்

பி.கு.: அந்தக் கேள்விக்கு மொத்த மதிப்பெண்ணே ஐந்துதான்.